கழுவும் நீரும் சுழலும் பேரிங்கும்: உணவு ஆலைகளில் அதிர்வுக் கண்காணிப்பு

2008 பிப்ரவரி 7 அன்று மாலை, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரிலிருந்த இம்பீரியல் சுகர் ஆலையில் சர்க்கரைத் தூசி வெடித்து 14 தொழிலாளர்கள் இறந்தார்கள். விசாரித்த அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம், முதல் வெடிப்பு சேமிப்புக் கோபுரங்களுக்குக் கீழே ஓடிய எஃகுக் கன்வேயரின் கூண்டுக்குள் நடந்தது என்று முடிவுக்கு வந்தது. அதைப் பற்றவைத்தது பெரும்பாலும் சூடேறிய ஒரு பேரிங்காக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் கன்வேயர் முன்பு திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கரையில் எதுவும் விழுந்துவிடக் கூடாது என்று 2007இல்தான் அதை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளால் மூடினார்கள்.

தூசியை ஆலை முழுக்கச் சேரவிட்டதே அந்த விபத்தின் வேர். ஆனால் மூடப்பட்ட அந்தக் கன்வேயரும் உள்ளே சூடேறிய பேரிங்கும் எல்லா உணவு ஆலைகளுக்கும் பொதுவான ஒரு சிக்கலைக் காட்டுகின்றன. உணவின் சுத்தத்துக்காகச் செய்யும் காரியம் இயந்திரத்தைக் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் மறைத்துவிடுகிறது. பல வேளைகளில் இயந்திரத்தையே கெடுக்கவும் செய்கிறது. அதிர்வுக் கண்காணிப்பைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை ‘பேரிங் எப்போது போகும்’ என்ற கேள்வியைச் சுற்றியே நிற்கின்றன. உணவு, பான ஆலைகளைப் பொறுத்தவரை ‘அது ஏன் போகிறது’ என்ற கேள்விதான் பெரிது என்பது என் துணிபு. அந்தக் கேள்விக்கு விடை தேட உதவும்போதுதான் இந்தத் தொழில்நுட்பம் போட்ட காசுக்கு ஈடாகிறது.

அதிர்வை எண்ணாக்கிப் பார்க்கும் பழக்கத்துக்கு வயது அதிகம். 1939இல் டி. சி. ராத்போன் என்ற அமெரிக்கப் பொறியாளர் எவ்வளவு அதிர்வைப் பொறுத்துக்கொள்ளலாம், எங்கே கவலைப்பட வேண்டும் என்று ஒரு வரைபடம் வெளியிட்டார். 1965இல் கூலியும் டியூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியே கணக்குமுறையால், கலந்து வரும் அதிர்வைத் தனித்தனி அதிர்வெண்களாகப் பிரிப்பது கணினிக்கு எளிதானது. 1974இல் ஐ.எஸ்.ஓ. 2372 தரநிலை வந்தது. இன்று அதன் வழித்தோன்றலாக ஐ.எஸ்.ஓ. 20816 இருக்கிறது. நான்காண்டு கழித்து, 1978இல், யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலனும் ஹீப்பும் விமான உதிரிபாகங்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கை பராமரிப்புத் துறையையே உலுக்கியது. பத்தில் ஒன்பது பாகங்களுக்கு ‘இத்தனை மணி நேரம் ஓடினால் மாற்று’ என்ற வயது வரம்பால் பயனில்லை என்று அது காட்டியது. தேதி பார்த்துப் பேரிங் மாற்றுகிறவர்கள் நல்லதைக் கழற்றி எறிவார்கள், கெட்டதைத் தவறவிடுவார்கள். அப்படியானால் ஒவ்வொன்றின் நிலையையும் ஓடும்போதே தெரிந்துகொள்ள வழி வேண்டும். மின் நிலையங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அந்த வழிக்கு முதலில் வந்தன. அங்கே ஒரு டர்பைன் நின்றால் இழப்பு கோடிகளில். உணவு ஆலையில் இயந்திரங்கள் சிறியவை, எண்ணிக்கையில் ஏராளமானவை, ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் மலிவானவை. அதனால் இங்கே தாமதமாயிற்று.

சுழலும் இயந்திரத்தின் ஒவ்வொரு குறைக்கும் ஒரு தாளம் உண்டு. எடை ஒருபக்கம் சாய்ந்திருந்தால் சுற்றுக்கு ஒருமுறை உதறும். மோட்டாரும் பம்பும் நேர்கோட்டில் இல்லாமல் கப்ளிங் விலகியிருந்தால் பெரும்பாலும் சுற்றுக்கு இருமுறை. அடித்தளப் போல்ட் லூஸானால் ஒன்று, இரண்டு, மூன்று என்று மடங்குகள் வரிசையாக எழும். பேரிங்கின் தாளம் மட்டும் முழு எண்ணில் அமையாது. சிறிய மோட்டார்களில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் 6205 பேரிங்கை எடுத்துக்கொள்வோம். 25 மி.மீ. துளை, 9 குண்டுகள். மோட்டார் நிமிடத்துக்கு 1,450 சுற்று ஓடினால் விநாடிக்குச் சுமார் 24.2 சுற்று. வெளிவளையத்தில் ஓரிடத்தில் உலோகத் தோல் உரிந்திருந்தால், அந்தப் பள்ளத்தின் மேல் விநாடிக்கு 86.6 முறை குண்டு ஏறி இறங்கும். உள்வளையத்தில் உரிந்திருந்தால் 131 முறை. பேரிங்கைத் திறக்காமலே எந்த வளையம் போயிருக்கிறது என்று சொல்ல முடிவது இந்தக் கணக்கால்தான்.

ஆனால் அந்தத் தட்டல் தொடக்கத்தில் மிகச் சிறியது. மற்ற அதிர்வுகளில் மூழ்கிப்போகும். சின்னச் சுத்தியலால் வெண்கல மணியைத் தட்டினால் நம் காதுக்கு வருவது மணியின் நாதம்தான். அதேபோலக் குண்டின் ஒவ்வொரு தட்டலும் பேரிங் கூட்டைப் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒலிக்க வைக்கிறது. அந்த உயர் அதிர்வெண் ஒலியைப் பிடித்து, அது எத்தனை முறை எழுந்து அடங்குகிறது என்று எண்ணினால் 86.6 வெளியே வரும். உறைப் பகுப்பாய்வு என்பது இதுதான். ஸ்வீடனில் உருவான அதிர்ச்சித் துடிப்பு முறை, 32 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும் சென்சாரைக் கொண்டு இதே தட்டல்களைப் பிடிக்கிறது.

பல ஆலைகள் சறுக்கும் இடமும் இதுவே. பேனா வடிவ மீட்டரை மோட்டார் மேல் வைத்து ‘விநாடிக்கு இத்தனை மி.மீ.’ என்று படித்துவிட்டுப் போகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் 10 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான மொத்த அதிர்வு. எடைச் சாய்வு, கப்ளிங் விலகல், லூஸ் போல்ட் ஆகியவற்றை அது நன்றாகக் காட்டும். பேரிங்கின் தொடக்க நோயை அது காட்டாது. அந்த எண் ஏறும்வரை காத்திருந்தால் பேரிங்குக்கு மிஞ்சியிருப்பது சில நாட்களாக இருக்கலாம். வரம்புகளிலும் ஒரு சிக்கல் உண்டு. தொழிற்சாலை இயந்திரங்களுக்கான பொதுத் தரநிலை 15 கிலோவாட்டுக்கு மேற்பட்டவற்றுக்கே எழுதப்பட்டது. பால் பண்ணையில் 2.2, 5.5, 7.5 கிலோவாட் மோட்டார்கள்தான் அதிகம். பம்புகளுக்கென்று 2009இல் தனிப் பகுதி வந்தபோதும், மற்றவற்றுக்கு 1974ஆம் ஆண்டின் 1.8, 4.5 என்ற பழைய எண்களையே இன்றும் பலர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் பெரிய தவறில்லை. அந்தந்த இயந்திரம் நன்றாக இருந்த நாளில் எவ்வளவு காட்டியது என்ற பதிவு இருந்தால், அது எந்த அட்டவணையையும்விட நம்பகமானது.

இனி ஒரு பால் பண்ணைக்குள் போவோம். சென்னையில் மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் பண்ணைகளானாலும் குஜராத்தின் ஆனந்த் ஆனாலும் வரிசை ஒன்றுதான். பால் வந்து இறங்கும், குளிரும், செபரேட்டரில் கொழுப்பு பிரியும், சூடேறும், ஹோமோஜினைசரில் நசுங்கும், மறுபடி குளிரும், பாக்கெட்டாகும். விடியுமுன் வண்டி கிளம்பியாக வேண்டும். பால் காத்திருக்காது என்பதால், இரண்டு வாரம் முன்பே கிடைக்கும் ஓர் எச்சரிக்கைக்கு இங்கே தனி மதிப்பு. எப்போது நிறுத்தலாம் என்ற இடைவெளியைப் பண்ணையே தேர்ந்துகொள்ளலாம்.

செபரேட்டர்தான் இந்த வரிசையில் அச்சம் தரும் இயந்திரம். குஸ்தாஃப் தெ லாவல் 1878இல் உருவாக்கிய தொடர் செபரேட்டரின் வாரிசு. அதன் பவுல் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழல்கிறது. 5,000 சுற்றில் ஓடும் பவுலின் மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி 100 கிராம் கசடு ஒருபக்கமாக ஒட்டிக்கொண்டால், அது பேரிங்கை இழுக்கும் விசை ஏறத்தாழ 700 கிலோ எடைக்குச் சமம். தானாகக் கசடு வெளியேற்றும் செபரேட்டரில், வெளியேற்றம் ஒருமுறை அரைகுறையானாலே இந்த நிலை வந்துவிடலாம். வாரம் ஒருமுறை எடுக்கும் அளவு இதற்கு உதவாது. சென்சார் நிரந்தரமாக இருக்க வேண்டும், வரம்பு மீறிய கணமே இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அதன் பிறகு ஆட்கள் செய்ய வேண்டியதும் முக்கியம். பவுலில் திரவம் நிரம்பியபடியே வேகம் குறைய விட்டு, அறையை விட்டு வெளியேறி, முழுதாக நிற்கும்வரை யாரும் உள்ளே போகாதிருப்பது. நிறுத்திக் காப்பதும் முன்னறிந்து திட்டமிடுவதும் இரு வேறு வேலைகள். பராமரிப்பு அறிக்கைகளில் இரண்டையும் ‘கண்டிஷன் மானிட்டரிங்’ என்று ஒரே தலைப்பில் போடும் பழக்கம் ஆபத்தானது.

பால்பவுடர் ஆலையின் தெளிப்பு உலர்த்தியில், 10,000 சுற்றுக்கு மேல் ஓடும் அணுவாக்கிச் சக்கரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். அங்கே பவுடரும் வெடிக்கும் தூசிதான்.

ஹோமோஜினைசரின் குணம் வேறு. ஓகுஸ்த் கோலின் என்ற பிரெஞ்சுக்காரர் 1899இல் காப்புரிமை பெற்ற அதே தத்துவம்: பிஸ்டன்கள் பாலை 150, 200 பார் அழுத்தத்தில் குறுகிய இடுக்கு வழியே தள்ளுகின்றன. முன்னும் பின்னும் போகும் இயந்திரம் இயல்பிலேயே உதறும். சுழலும் பம்புக்கான வரம்பை இதற்கு வைத்தால் நாள் முழுக்க அலாரம் அடிக்கும், ஒரு வாரத்தில் யாரோ ஒருவர் அதை அணைத்துவிடுவார். மூன்று பிஸ்டன்களின் தட்டல்களில் ஒன்று மட்டும் மாறுகிறதா என்று பார்ப்பதே இங்கே வழி. ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை என்றால் அந்தத் தாளத்தில் மூன்றிலொன்று பிசகும்.

அடுத்தது, குளிரூட்டும் அம்மோனியா கம்ப்ரசர். ஸ்க்ரூ கம்ப்ரசரின் நான்கு இதழ் ரோட்டர் 2,950 சுற்றில் ஓடினால், விநாடிக்கு 197 என்ற அதிர்வு எப்போதும் இருக்கும். அது நோயல்ல, இயந்திரத்தின் குரல். அதற்கு அடியில் பேரிங்கின் முனகல் எழுகிறதா என்று கேட்க வேண்டும். பேரிங் தளர்ந்தால் ஷாஃப்ட் ஆடும், ஷாஃப்ட் ஆடினால் சீல் கசியும், கசிவது அம்மோனியா.

பானங்களை நிரப்பும் வரிசையில் சிக்கல் தலைகீழாகிறது. மணிக்கு 36,000 பாட்டில் நிரப்பும், 60 வால்வு கொண்ட சுழல் நிரப்பி மலைக்க வைக்கும் வேகத்தில் ஓடுவதாகத் தோன்றும். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 600 பாட்டில், அதாவது வெறும் 10 சுற்று. இவ்வளவு மெதுவாகச் சுழலும் பெரிய வளையப் பேரிங் உரிந்தாலும் அதிர்வில் எழும் ஆற்றல் மிகக் குறைவு. சாதாரண முடுக்கச் சென்சார் அதை உணராமலே போகும். நீண்ட நேரம் பதிவெடுப்பதும், மீயொலிச் சென்சாரும், அழுத்தித் தள்ளிய பழைய கிரீஸில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பதும் இங்கே அதிர்வைவிட நன்றாக வேலை செய்கின்றன. எல்லா இயந்திரத்துக்கும் அதிர்வுச் சென்சார் ஒட்டி விற்கிறவர் இதைச் சொல்வதில்லை.

உணவு ஆலையில் சென்சாரை ஒட்டுவதே தனிப் பாடு. கையில் எடுத்துப்போகும் கருவிகளில் காந்த அடி இருக்கும். 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டாது. பசை போட்டு இரும்புத் தகடு ஒட்டினால், காரச் சோப்பும் சுடுநீரும் பட்டு ஒருநாள் அது கழன்று விழும். கழன்றது பாலிலோ மாவிலோ விழுந்தால் இயந்திரத்தைக் காக்க வைத்த பொருளே கலப்படமாகிவிடும். திருகு போட்டு மாட்டினால் திருகின் இடுக்கில் அழுக்கு தங்கும். ஈரமும் குளிரும் உள்ள அறையில் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமிக்கு அது போதும். வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை அறுந்து விழும் என்பதால் பல ஆலைகளில் நீல நிறத்தில், உலோகக் கண்டுபிடிப்பானில் சிக்கும் வகைப் பட்டைகளையே அனுமதிக்கிறார்கள். 80 டிகிரி சுடுநீரை 80 முதல் 100 பார் வரையிலான அழுத்தத்தில் பீய்ச்சினாலும் தாங்கும் ஐ.பி.69.கே வகைச் சென்சார்கள் கிடைக்கின்றன. அவற்றைக் கேபிளுடன் சேர்க்கும் கனெக்டர்தான் பெரும்பாலும் முதலில் சாகிறது.

வயர்லெஸ் சென்சார் இந்தத் தொல்லைகளில் பாதியைத் தீர்த்தது, புதிதாகச் சிலவற்றைக் கொண்டுவந்தது. பேட்டரியைச் சேமிக்க அது மணிக்கு ஒருமுறை விழித்துச் சில விநாடி கேட்டுவிட்டுத் தூங்கும். இயந்திரங்களைக் கழற்றாமலே உள்ளே கழுவும் சி.ஐ.பி. அமைப்பின் திரும்பு பம்பு ஒரு ஷிப்ட்டில் இருமுறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம்தான் ஓடும். சென்சார் விழிக்கும் நேரத்தில் பெரும்பாலும் பம்பு நின்றிருக்கும். மாதக் கடைசியில் வரும் அறிக்கை ‘அதிர்வு மிகக் குறைவு, நிலை நன்று’ என்று பச்சையில் காட்டும். ஓடும்போது அளந்தாலும் இன்னொரு கேள்வி மிச்சம். பம்புக்குள் அப்போது இருந்தது பாலா, காஸ்டிக் கரைசலா, காற்று கலந்து வரும் கழுவுநீரா? காற்றை இழுக்கும் பம்பும் நீராவிக் குமிழி வெடிக்கும் பம்பும் பரந்த இரைச்சலை எழுப்பும். அதைப் பேரிங் நோயாக எண்ணிக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இரண்டு முறை இப்படி நடந்தால் ஃபிட்டர் மூன்றாம் எச்சரிக்கையை நம்பமாட்டார். அவர் மேல் குற்றமில்லை. எந்தக் கட்டத்தில் அளந்தது என்ற குறிப்பு இல்லாத எண் எண்ணே அல்ல.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தானே பிரித்தறியும் என்ற வாக்குறுதிக்கு இப்போது நல்ல விற்பனை. ஆய்விதழ்களில் 99 சதவீதத் துல்லியம் என்று வரும் கட்டுரைகளில் எத்தனையோ, அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் பொதுவில் வைத்த ஒரே தரவுத்தொகுப்பை நம்பி எழுதப்பட்டவை. இரண்டு குதிரைத்திறன் மோட்டார், மேசை மேல், உலர்ந்த அறையில், நிலையான வேகத்தில், மின்பொறியால் வேண்டுமென்றே துளையிட்ட பேரிங்குகள். ஆய்வுக்கு அது பெருந்தொண்டு செய்த தொகுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் நீர் புகுந்து துருப்பிடித்து மெல்ல மெல்லச் சாகும் பேரிங் அதில் இல்லை. வேரியபிள் டிரைவில் வேகம் மாறிக்கொண்டே இருக்கும் கன்வேயரும் இல்லை. நனைந்து, நின்று நின்று ஓடும் உணவு ஆலையிலிருந்து அப்படியொரு திறந்த தொகுப்பை யாராவது வெளியிட்டால், அது இன்னும் நூறு புதிய கணக்குமுறைகளைவிடப் பயன்படும்.

பேரிங் ஏன் போகிறது என்ற கேள்வியை ஷிப்ட் முடிவில் நடக்கும் கழுவலிலிருந்து தொடங்கலாம். மணிக்கணக்கில் ஓடிய பேரிங் கூடு 60, 70 டிகிரிச் சூட்டில் இருக்கும். நிறுத்திய உடனே குழாயைத் திறந்து குளிர்ந்த நீரைப் பீய்ச்சுகிறார்கள். கூட்டுக்குள் உள்ள காற்று சட்டென்று சுருங்கும். சீலின் உதடு வழியே நீரையும் சோப்பையும் உள்ளே உறிஞ்சும். கிரீஸ் பால்நிறமாகக் குழம்பும், எஃகில் துருப் புள்ளி விழும், அந்தப் புள்ளியிலிருந்து தோல் உரியும். உணவு ஆலைக்கான எச்1 வகை கிரீஸைத்தான் போட வேண்டும். அமெரிக்க விதிப்படி அதன் கனிம எண்ணெய் உணவில் தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் போகக் கூடாது. பாதுகாப்பான அந்தக் கிரீஸும் நீரோடு குழம்பிப் போனால் பேரிங்குக்குப் பயனில்லை. நீர் உள்ளே போய்விட்டதே என்று மறுநாள் கூடுதலாகக் கிரீஸ் அடித்தால் சூடேறும், சீல் பிதுங்கும், அடுத்த கழுவலில் இன்னும் எளிதாக நீர் புகும்.

வேறு காரணங்களும் உண்டு. வேரியபிள் டிரைவின் மின்னோட்டம் ஷாஃப்ட் வழியே பேரிங்கில் பாய்ந்து, வளையத்தில் வரிவரியாக அரிக்கும். ஸ்டாண்ட்பை பம்பு ஓடாமல் நிற்கும்போதே பக்கத்துப் பம்பின் அதிர்வால் குண்டுகள் ஒரே இடத்தில் உராய்ந்து குழி பறிக்கும்; அவசரத்துக்கு ஓட்டிய அன்றே அது அலறும். மாதம் ஒருமுறை இரண்டையும் மாற்றி ஓட்டினால் இதைத் தவிர்க்கலாம். சென்சார் இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

சிறிய ஆலைகளுக்கு இதெல்லாம் எட்டாது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. நம் ஊர் ரைஸ்மில்லிலும் எண்ணெய் மில்லிலும் ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் கூட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்கும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அவர்களின் காதில் பழுதில்லை. கேட்கக் கூடியதெல்லாம் கேட்கும். குறை ஒன்றுதான், அது கேட்டதை எழுதிவைப்பதில்லை. ஒரு மேஸ்திரி ஓய்வு பெற்றால் நாற்பது இயந்திரங்களின் குணமும் அவரோடு போய்விடும். அதிர்வும் பேரிங் நிலையும் சேர்த்துக் காட்டும் ஒரு கையடக்கக் கருவி, ஒவ்வொரு இயந்திரத்திலும் பெயிண்டால் குறித்த மூன்று புள்ளிகள், ஒரு நோட்டு. அதே புள்ளி, அதே திசை, அதே சுமை, வாரத்தில் அதே வேலைக் கட்டம். அளப்பது அந்த மேஸ்திரியாகவே இருக்க வேண்டும். காதில் கேட்டதை எண்ணுக்குப் பக்கத்தில் அவர் சொல்லில் எழுதினால் இன்னும் நல்லது.

நோட்டைவிட முக்கியமானது கழற்றிய பேரிங். பெரும்பாலும் அது நேரே பழைய இரும்புக் கூடைக்குப் போகிறது. எந்த இயந்திரம், எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று சீட்டுக் கட்டி, வளையத்தை அறுத்துத் திறந்து பார்க்க வேண்டும். துருக்கறை குண்டுகளின் இடைவெளிக்கு ஒத்து விழுந்திருந்தால், இயந்திரம் நின்றிருந்தபோது நீர் தங்கியிருக்கிறது. வரிவரியான அரிப்பு என்றால் டிரைவையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். ஓட்டத்தடம் வளையத்தில் சாய்ந்து போயிருந்தால் அலைன்மென்ட். அந்த மேசைக்கு ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் இருவரோடு கழுவும் குழுவின் தலைவரும் வர வேண்டும். பெரும்பாலான ஆலைகளில் அவர் வேறு துறை, வேறு ஒப்பந்தக்காரரின் ஆள். தன் குழாய்நீர் எங்கே போகிறது என்பதை அவருக்கு யாரும் காட்டியதில்லை. துருப்பிடித்த வளையத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, மோட்டார் ஆறும்வரை பதினைந்து நிமிடம் வேறு இடத்தைக் கழுவ முடியுமா, பேரிங் கூட்டுக்கு நேராகப் பீய்ச்சாமல் ஒரு தடுப்புத் தகடு வைத்தால் கழுவ இடைஞ்சலாகுமா, தகட்டுக்குப் பின்னால் அழுக்கு சேருமா என்று கேட்க வேண்டும். தகட்டின் வடிவம் அந்தப் பேச்சில்தான் முடிவாகும். அதற்குப் பிறகு வரும் வாரங்களின் அளவுகளை நோட்டில் பார்த்தால், அது வேலை செய்ததா என்பது தெரிந்துவிடும்.